எம்பசிக்காரர் வரைந்த மாலை

அந்த மனிதருடைய நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயம்தான், வேறு காரணமில்லை. என் தம்பி இன்னமும் அந்த நாட்டில் இருக்கிறான். அவனை அங்கே இருக்க விடுவார்களா என்பது இன்னமும் தீர்மானமாகவில்லை. ஐரோப்பாவில் ஒரு சிறிய நாடு, சுத்தமான நாடு, ரயில் நேரத்துக்கு ஓடும் நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கனடாவுக்கு என்று புறப்பட்டவன். ஏஜென்சிக்காரன் நடுவழியில் அந்த நாட்டில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்று தொடங்கிய அகதி வழக்கு இருபது வருடம் தாண்டியும் இழுபடுகிறது. நிராகரிப்பார்கள், அப்பீல் போடுவான், கொஞ்ச மாதத்துக்கு ஒரு தற்காலிக அட்டை கொடுப்பார்கள், பிறகு மறுபடி நிராகரிப்பார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம். எல்லையைத் தாண்ட மட்டும் முடியாது. தாண்டினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். கடைசி அப்பீலும் தோற்றால் நேரே விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

அம்மா இங்கே கனடாவில், ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் என்னோடு இருக்கிறார். முழங்காலும் இருதயமும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கெட்டுப்போனதால் அவரை விமானத்தில் ஏற்ற டொக்டர் சம்மதிக்கவில்லை. இவர் போக முடியாது, அவன் வர முடியாது. தம்பிக்கு நிரந்தரமாக ஒரு பேப்பர் கிடைத்தால் ஒரு கிழமையாவது வந்து நின்றுவிட்டுப் போவான் என்பதுதான் அம்மாவுடைய ஒரே கணக்கு.

இப்படியிருக்கையில், எங்கள் ஊர்ச்சங்கத் தலைவர் அண்ணை பிரஷர் குளிசை எடுக்க நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்தார். வோபர்னில் இருக்கும் அந்தக் கடைக்கு அவர் குளிசைக்கு வருவது கொஞ்சம், கதைக்க வருவதே அதிகம்.

"பிள்ளை, ஒரு எம்பசிக்காரர் எங்கடை ஆக்களின்ரை வீட்டிலை இருந்து படம் கீற வேணுமாம். கனடாவைப் பற்றிப் புத்தகம் எழுதுறாராம். நல்ல வீடொண்டு சொல்லச் சொல்லிக் கேட்டவர்" என்றார்.

எந்த எம்பசி என்று கேட்டேன். சொன்னார். தம்பி இருக்கும் நாடு. குளிசை எண்ணிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. எண்ணிக்கை பிழைத்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

"எங்கடை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை."

"மோர்னிங்சைடிலையும் ஒரு குடும்பம் கேக்குது. அவையின்ரை மருமகனும் அங்கைதானாம்."

"நான் நண்டு சமைக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அண்ணை சிரித்தார். எங்கள் ஆட்களுக்கு எம்பசி என்ற சொல்லுக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் தூரிகை பிடித்தால் என்ன, மத்தளம் தட்டினால் என்ன, எங்களுக்கு அவர் விசா குத்தும் கை. ஓவியர் ஒருவர் வருகிறார் என்று ஸ்காபரோவில் ஒருவரும் நினைக்கவில்லை.

வந்தார். நெடுவலான ஆள், மெல்லிய குரல், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். அதிலேயே அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. தன்னுடைய கார்ட்டைத் தந்தார். ஒரு பக்கத்தில் அரசாங்க முத்திரையும் பதவியும், மறுபக்கத்தில் ஓவியர் என்று மட்டும். கனடாவில் தனக்கு இது கடைசி வருடம் என்றும், போவதற்கு முன் இந்த இளம் நாட்டைப் பற்றிய பயண நினைவுகளைப் படங்களோடு ஒரு புத்தகமாகப் போடப்போவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். வடக்கே பனிக்குள் போய் வந்திருக்கிறார். கோதுமை வயல்களைப் பார்த்திருக்கிறார். கிழக்குக் கரையில் மீன்பிடிகாரரோடு கடலுக்குப் போயிருக்கிறார். எங்கே போனாலும் தன்னைக் கவர்ந்த விஷயம் ஒன்றுதானாம்: இங்கே ஒருவரும் இறந்தவர்களைச் சுமந்துகொண்டு திரிவதில்லை, எல்லாருடைய முகமும் முன்னாலேயே பார்க்கிறது, இது இன்னும் சாம்பல் படியாத நாடு.

ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஆட்களின் செத்தவீடு நடக்கும் மண்டபம் ஒன்றுக்குள் இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கார் நிறுத்த இடமில்லாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தால் இந்த இளமை என்னவென்று தெரிந்திருக்கும். ஆனால் காரியம் ஆக வேண்டியவள் நான். தலையை ஆட்டினேன்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"கனடா இளம் நாடாம் அம்மா."

"ஆருக்கு இளம்? எனக்கு இஞ்சை வந்துதான் வயசு போனது."

நான் அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. அம்மா அவரை வரவேற்கிறார் என்று சொன்னேன்.

அவர் எங்கள் ஹோலில் ஒரு மூலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து கீறத் தொடங்கினார். அந்த ஹோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் அப்பாவின் படம். அதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு துணி மாலையும் கீழே ஒரு சின்ன மின்விளக்கும். அப்பா போய்ப் பல காலம். தம்பியின் படம் பக்கத்துச் சுவரில், தள்ளி, தனியாக. அவன் புறப்படுவதற்கு முதல் வாரம் ஸ்டூடியோவில் எடுத்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று என் கணவர் தெரியாத்தனமாக இரண்டு படத்தையும் ஒரே சுவரில் மாட்டப்போனார். அம்மா அவரைச் சாப்பிடவிடாமல் கத்தினார். செத்தவருக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவனைத் தொங்கவிடுகிறதா என்று கேட்டார். அன்றிலிருந்து தம்பிக்கு ஒரு சுவர், அப்பாவுக்கு ஒரு சுவர்.

கீறிக்கொண்டிருந்தவர் தம்பியின் படத்தைக் காட்டி யார் என்று கேட்டார். அம்மாவின் மகன் என்றேன். அழகான கண்கள் என்றார். அடுத்ததாக, எங்கே இருக்கிறார் என்று கேட்பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கிற எவரும் கேட்கிற கேள்விதானே. கேட்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டார். கேட்டால் பதிலைக் கேட்க வேண்டிவரும் என்பதை இவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள் போலும்.

"இஞ்சேர், கேளன்" என்று குசினிக்குள் வந்து கணவர் குசுகுசுத்தார்.

"முதல் நாளே கேக்கிறதோ? மனிசன் இன்னும் சாப்பிடேல்லை."

வீட்டுக்கு வந்தவருக்கு வயிறு நிறையப் போடாமல் அவரிடம் ஒரு உதவி கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அது மரியாதைக்கேடு. அன்று நண்டுக்கறியும் பிட்டும் போட்டேன். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை வந்தபோது ஒடியல் கூழ் காய்ச்சினேன். இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இதைப் பற்றியும் புத்தகத்தில் எழுதுவேன் என்றார். மூன்றாம் முறை வந்த அன்றுதான் கடைசி நாள் என்று சொன்னார். அன்று ஆட்டிறைச்சி. சாப்பிட்டுக் கைகழுவி வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, அம்மாவையும் பக்கத்தில் இருத்தி, விஷயத்தைச் சொன்னேன். தம்பி உங்கள் நாட்டில்தான் இருக்கிறான், இத்தனை வருடம், ஒரு குற்றமும் செய்யாதவன், கடைசி அப்பீல் நடக்கிறது, நீங்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மன்றாடினேன். ஆம், மன்றாடினேன், அதற்கு வேறு சொல் இல்லை.

அவர் தேத்தண்ணீரை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் இரக்கமாகத்தான் இருந்தது. இந்த வீட்டுக்குள் நான் ஓவியன் மட்டும்தான் என்றார். என் வாழ்க்கையில் ஓவியத்தையும் உத்தியோகத்தையும் எப்போதும் மேசையின் இரண்டு வெவ்வேறு லாச்சிகளில் வைத்திருக்கிறேன், ஒன்றைத் திறக்கும்போது மற்றதைத் திறப்பதில்லை என்றார். நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன் என்றும் சொன்னார்.

புரிந்தது, மிக நன்றாகவே புரிந்தது. வெறும் ஓவியர் என்று வந்து என் கதவைத் தட்டியிருந்தால் வாசலில் வைத்தே வேண்டாம் என்று அனுப்பியிருப்பேன். முத்திரை இருந்த லாச்சியைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, சாப்பிட்டு முடிந்ததும் அதை மூடிவிட்டார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறாராம்" என்றேன்.

சில மாதம் கழித்து டவுன்ரவுனில் அவருடைய படங்களின் கண்காட்சி. எங்களுக்கும் அழைப்பு வந்தது. நான் போகிற எண்ணத்தில் இல்லை. அம்மாதான் சேலை மாற்றிக்கொண்டு இருந்தார். யோசித்து முடித்திருப்பார், நேரில் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்பது அவருடைய நம்பிக்கை. சக்கர நாற்காலியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

தொடக்கத்தில் வழக்கம்போல ஒரு பெண் எழுந்து, இந்த நிலம் யாருடையது, எத்தனை ஆயிரம் வருடமாக யார் யார் இங்கே வாழ்ந்தார்கள் என்று தாளைப் பார்த்து வாசித்தார். எல்லாரும் தலையைக் குனிந்து நின்றோம். அடுத்ததாக எங்கள் ஓவியர் எழுந்து, இந்த இளம் நாடு என்று தொடங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. கையில் வைன் கிளாஸ் இருந்ததாலாக இருக்கலாம்.

எங்கள் வீட்டுப் படம் உள் அறையில் இருந்தது. பெரிய படம், எங்கள் ஹோலைவிட அழகாக இருந்தது. சோபாவின் உறை, ஜன்னலில் வெயில், அம்மாவின் கையில் ஓடும் நரம்புகள், எல்லாம் அச்சொட்டாக இருந்தன. எனக்கே ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். பிறகு சுவரைப் பார்த்தேன். அப்பாவின் படத்தைக் காணவில்லை. அந்தச் சுவர் படத்துக்கு வெளியே போய்விட்டது. தம்பியின் படம் அம்மாவின் தலைக்கு மேலே இருந்தது. அதற்கு மாலை போட்டிருந்தது. அப்பாவின் அதே மஞ்சள் மாலை, கீழே அதே விளக்கு.

நாற்காலியைத் திருப்பிவிடலாம் என்று குனிந்தேன். நேரம் கடந்துவிட்டது. அம்மா கத்தவில்லை, அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, மிக மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"எப்பவாம், பிள்ளை?"

எனக்கு விளங்கவில்லை. "என்னம்மா எப்ப?"

"தம்பி எப்ப செத்தவனாம்?"

"ஐயோ அம்மா, அவன் நல்லா இருக்கிறான். உந்த மனிசன் விசர்த்தனமா..."

"உனக்குத் தெரியாது. அவர் அந்த நாட்டு அரசாங்கத்து ஆள். அவைக்கு முதல்லை அறிவிப்பினம். மூண்டு தரம் வந்து சாப்பிட்டும் வாயாலை சொல்ல ஏலாமல் கீறிக் காட்டியிருக்கிறார்."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். யுத்த காலத்தில் எங்கள் ஊரில் ஒரு அரசாங்கமும் யாருக்கும் நேரே வந்து சாவு சொன்னதில்லை. யாராவது ஒருவர் வருவார், தேத்தண்ணீர் குடிப்பார், மழையைப் பற்றிக் கதைப்பார், எழும்பிப் போவார். இரண்டாம் முறை வருவார். அவர் சொல்லாமல் போனதிலிருந்துதான் வீட்டுக்காரர் விஷயத்தை அறிந்துகொள்வார்கள். அம்மா அப்படித்தான் தன் சொந்தத் தம்பியின் சாவை அறிந்தவர். ஓவியர் கீறியது அவருக்கு ஓவியமாகத் தெரியவில்லை; அரசாங்கம் கொடுத்த செய்தியாகத்தான் தெரிந்தது.

உடனே தம்பிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவன் ஒரு ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவுகிறான், வேலைநேரத்தில் போன் லொக்கருக்குள் இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் 401 நெடுஞ்சாலை முழுக்க அடித்துக்கொண்டே வந்தேன். மார்க்கம் ரோட் வரும்போது எனக்கே சந்தேகம் பிடித்துவிட்டது. எங்களுக்குத் தெரியாத ஏதோ அந்த மனிதருக்குத் தெரியுமோ? முத்திரை இருந்த அந்த லாச்சிக்குள் என்ன கிடக்கிறதோ?

வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமலே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தம்பியே அடித்தான். இத்தனை தரம் அடிச்சிருக்கிறாய், அம்மாவுக்கு என்ன என்று அவன் பதறினான். அம்மா போனை என்னிடமிருந்து பறித்தார். குரலைக் கேட்டும் நம்பவில்லை. முகத்தைக் காட்டச் சொன்னார். அவன் என்றுமே வீடியோவில் வராதவன். கமரா பழுது, இன்ரநெற் சரியில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பான். அன்று வேறு வழியிருக்கவில்லை, போட்டான்.

வழுக்கைத் தலை. கன்னம் ஒட்டிய முகம். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. சுவரில் தொங்கும் பொடியனைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மா, போனையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உன்ரை தலைமயிர் எங்கையடா?"

"விழுந்திட்டுது அம்மா" என்று சொல்லி, அவன் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தான். அம்மா அவன் முகத்தைத் தடவப்போய் விரல் பட்டு அழைப்பு வெட்டுப்பட்டுவிட்டது. பிறகுதான் அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த நாள் அந்தக் கார்ட்டில் இருந்த நம்பருக்கு அடித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே ஆடிப்போனார். பின்னேரமே படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் காரில் போட்டுக்கொண்டு, வர்ணப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கெட்ட மனிதர் என்று அவரை என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் மாலை போட்டவர் எண்டு கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். அந்தப் பக்கம் படம் இருண்டு கிடந்ததாம். அங்கே ஒரு மஞ்சள் தேவைப்பட்டதாம். சுவரில் இருந்த மாலையின் மஞ்சள் மிக அழகாக இருந்ததாம். இப்படியே அம்மாவுக்குச் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை.

அம்மா அவரை நேரே பார்த்துச் சொன்னார்.

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு மாலை போட அவர் ஒருத்தரிட்டையும் அனுமதி கேக்கேல்லை. அப்ப ஒரு கையெழுத்துப் போடவும் ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை எண்டு சொல்லு."

சொன்னேன். அவருடைய கழுத்து சிவந்தது. அது முழுக்க வேறு அமைச்சு, சுதந்திரமான நீதிமன்றம், தலையிட எனக்கு அதிகாரம் கிடையாது என்று, இம்முறை முத்திரை இருந்த பக்கத்தின் குரலில் சொன்னார். பிறகு படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்து, முழந்தாளில் நின்று, எங்கள் கண்முன்னே மாலையையும் விளக்கையும் அழித்தார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. தம்பியின் படத்தைச் சுற்றி மறுபடியும் வெறும் சுவராயிற்று. எழும்பும்போதுதான், புத்தகம் ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டது, அதில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்த ஒருவரிடம் அதைக் கேட்காமல் விட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டதாகத் தலைவர் அண்ணை சொன்னார். தம்பியின் கடைசி அப்பீலும் இந்த வருடம் தோற்றுப்போனது. நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. லோயர் இன்னும் ஏதோ ஒன்று போட்டிருக்கிறார். அம்மாவிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை. கேட்டால், பேப்பர் வரும் என்றே சொல்லி வருகிறோம்.

போன மாதம் ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது தம்பி அடித்தான். புகையிரத நிலையத்தில் உள்ள புத்தகக்கடையில் நிற்கிறானாம். கண்ணாடிக்கு உள்ளே அந்தப் புத்தகத்தை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். உள்ளே போய்ப் பக்கம் பக்கமாகத் தட்டி, எங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு அந்த மொழி தெரியாது, அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னான்: யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், இந்த இளம் நாட்டின் வெளிச்சத்தில்.

"அக்கா, நான் செத்துப்போனனாம். இவங்கடை அரசாங்கத்து ஆளே எழுதியிருக்கிறார். நல்ல கலர்ப்படமும் கிடக்கு."

போட எடுத்த சப்பாத்தைக் கையில் பிடித்தபடி போனைக் காதோடு அழுத்தினேன்.

"லோயரிட்டைக் குடுக்கப்போறன் அக்கா. செத்த ஆளைப் பிடிச்சுப் பிளேனிலை ஏத்தேலாது எல்லோ?"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். சின்ன வயதில் சிரிப்பது போலவே விட்டுவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையில் சப்பாத்தோடு, சுவரில் சாய்ந்து நின்று, அடக்க முடியாமல் சிரித்தேன். இருவரும் அப்படிச் சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலம்.

அறைக்குள்ளிருந்து அம்மா வோக்கரைத் தள்ளிக்கொண்டு அவசரமாக வந்தார். முகம் மலர்ந்து போயிருந்தது.

"தம்பியோ? இப்பிடிச் சிரிக்கிறியள்? பேப்பர் கிடைச்சிட்டுதோ, பிள்ளை?"

அந்தப் பக்கத்தில் அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றார், போனைத் தா, நானும் அவனோடு ஒரு வார்த்தை சந்தோஷமாகக் கதைக்கிறேன் என்று.